வேலையை விடாமல் முனைவர் பட்டம்: மதுரையில் மக்கள் தொடர்பு ஆய்வு

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் ‘கரஸில் படித்தேன்’ என்று சொல்லும் ஒருவராவது இல்லாத தெருவைக் காண்பது அரிது. பி.காம்., பி.ஏ. தமிழ், எம்.ஏ. வரலாறு என்று ஏதோ ஒன்றை வேலை பார்த்துக்கொண்டே படித்து முடித்த தபால்காரர்கள், நடத்துநர்கள், கடைக் கணக்கர்கள், கல்யாணமாகிப் போன வீட்டில் மறுபடியும் புத்தகத்தைக் கையில் எடுத்த பெண்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். 1966-இல் தொடங்கப்பட்ட மதுரைப் பல்கலைக்கழகம் 1971-72 கல்வியாண்டிலேயே ‘கரஸ்’ எனப்படும் அஞ்சல்வழிக் கல்வியைத் திறந்துவிட்டது. டெல்லிப் பல்கலைக்கழகம் 1962-இல் தொடங்கிய வழி அது. தமிழ்நாட்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-இலும் சென்னைப் பல்கலைக்கழகம் 1981-இலும்தான் அந்த வழிக்கு வந்தன. 1978-இல் காமராசர் பெயர் சூட்டப்பட்ட அந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டச் சான்றிதழ், வகுப்பறையில் உட்கார முடியாதவர்களின் வீட்டுச் சுவர்களில் இன்றும் சட்டம் போட்டு மாட்டப்பட்டிருக்கிறது.

1971-இல் அங்கே துணைவேந்தராகப் பொறுப்பேற்றவர் மு. வரதராசன். திருப்பத்தூர் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக வேலையைத் தொடங்கியவர் அவர். தனியே படித்து 1935-இல் வித்துவான், பள்ளியாசிரியராக இருந்தபடியே 1939-இல் பி.ஓ.எல்., கல்லூரியில் கற்பித்துக்கொண்டே 1944-இல் எம்.ஓ.எல்., 1948-இல் சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றிய ஆய்வுக்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்டம் என்று படிப்படியாக ஏறினார். வேலையும் ஆய்வும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்க முடியும் என்பதற்கு மதுரைக்கு வெளியே சான்று தேட வேண்டியதில்லை.

ஆனால் மு.வ. பயன்படுத்திய வழியும் ‘கரஸ்’ வழியும் முனைவர் பட்டத்தின் வாசலில் பிரிந்துவிடுகின்றன. இளங்கலையும் முதுகலையும் தபாலில் வரலாம், இப்போது இணையத்திலும் வரலாம். முனைவர் பட்டம் அப்படி வராது. மதுரையில் மக்கள் தொடர்புத் தொழிலில் இருக்கும் பலருக்கு இது இன்னும் தெளிவாகத் தெரியவில்லை. மருத்துவமனையில், கல்லூரியில், ஆலையில், வங்கியில், அரசு அலுவலகத்தில் பி.ஆர்.ஓ.வாகப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்தவர்களின் கைபேசிக்கு, வீட்டிலிருந்தபடியே இரண்டு மூன்று ஆண்டுகளில் டாக்டர் பட்டம் என்று விளம்பரம் வருகிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயர், மாதத் தவணை, வேலையிலிருந்து விடுப்பே வேண்டாம் என்ற உறுதி. ஆசை வருவது இயல்பு. அந்த ஆசையைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அவர்களுக்கு யாராவது விதியை உள்ளபடி சொல்ல வேண்டும்.

விதி இதுதான். பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் கொண்டுவந்த ஒழுங்குமுறையிலிருந்தே தொலைநிலை வழியில் முனைவர் பட்டம் வழங்குவதற்குத் தடை இருக்கிறது. 2016-இன் ஒழுங்குமுறை அதை மீண்டும் உறுதி செய்தது. 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டு இன்று நடைமுறையில் இருக்கும் ஒழுங்குமுறையும் தொலைநிலை, இணையம் ஆகிய இரண்டு வழிகளையும் முனைவர் பட்டத்துக்கு அடைத்துவிட்டது. அதற்குச் சில நாட்களுக்கு முன், அக்டோபரின் இறுதியில், மானியக் குழுவும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் சேர்ந்து ஓர் எச்சரிக்கை வெளியிட்டன: கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்கள் வெளிநாட்டுக் கல்வி நிலையங்களோடு சேர்ந்து நடத்தும் இணையவழி முனைவர் படிப்புகளுக்கு இங்கே அங்கீகாரம் இல்லை, விளம்பரங்களைப் பார்த்து ஏமாற வேண்டாம் என்பது அதன் சாரம். பெயருக்கு முன்னால் ‘முனைவர்’ என்று போட்டுக்கொள்ள மட்டும் அந்தப் பட்டம் உதவும். உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கும் நாளில் செலவழித்த பணமும் போய், காலமும் போயிருக்கும்.

உலகம் முழுவதும் இப்படித்தான் என்றும் சொல்ல முடியாது. தென்னாப்பிரிக்காவின் யூனிசா, பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்றவை தொலைவிலிருந்தோ பகுதிநேரமாகவோ ஆய்வு செய்வோருக்கு இடம் தருகின்றன. அமெரிக்காவில் தகவல்தொடர்பியலில் இணையவழி முனைவர் படிப்பை நடத்தும் பல்கலைக்கழகங்கள் உண்டு. அவற்றின் தரம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். உசிலம்பட்டியிலோ மேலூரிலோ இருக்கும் ஒருவருக்கு அவற்றின் கட்டணமும் கட்டுப்படியாகாது, பட்டமும் இங்கே பெரிதாகப் பயன்படாது. ஆகவே அவற்றை இத்தோடு விடலாம்.

இந்தியச் சட்டம் திறந்து வைத்திருக்கும் கதவு பகுதிநேர ஆய்வு. 2022 ஒழுங்குமுறை அதை வெளிப்படையாக அனுமதிக்கிறது. குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு. மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு ஆண்டு. பெண்களுக்கும், 40 விழுக்காட்டுக்கு மேல் உடல் குறைபாடு உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் இரண்டு, ஆக மொத்தம் பத்து ஆண்டு வரை. மகப்பேறு, குழந்தை வளர்ப்புக்காகப் பெண்களுக்கு 240 நாள் வரை விடுப்பு. பாடநெறிக்குக் குறைந்தது 12 தகுதிப் புள்ளிகள். அதில் ஆய்வு நெறிமுறைப் பாடம் கட்டாயம். ஆய்வு ஆலோசனைக் குழு பரிந்துரைத்தால், மானியக் குழு ஏற்றுக்கொண்ட இணையவழிப் பாடங்களையும் அந்தப் புள்ளிகளில் சேர்த்துக்கொள்ளலாம். தொலைநிலையில் முதுகலை முடித்தவர் என்பதற்காக யாரையும் ஒதுக்கவும் முடியாது. அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டமும் நேரடிப் பட்டமும் சமம் என்று மானியக் குழு 2022-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் இதழியல் படித்த திருமங்கலத்துக்காரர், தகுதித் தேர்வில் தேறினால், முனைவர் ஆய்வுக்குத் தாராளமாக வரலாம்.

இவ்வளவும் இருந்தும் மக்கள் தொடர்புத் துறையினர் இந்தக் கதவை அதிகம் தட்டுவதில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில், இவர்கள் வந்தால் என்ன கிடைக்கும் என்பதைச் சொல்ல வேண்டும்.

மக்கள் தொடர்பு, பல்கலைக்கழகப் படிப்பாக நூறு ஆண்டு வயதுடையது. 1923-இல் எட்வர்ட் பெர்னேஸ் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் இதைப் பாடமாக நடத்தினார். 1984-இல் ஜேம்ஸ் க்ரூனிக்கும் டாட் ஹண்ட்டும் எழுதிய நூல் நான்கு மாதிரிகளை முன்வைத்தது. விளம்பர ஆரவாரம், தகவல் தருதல், மக்களைக் கேட்டறிந்து வசப்படுத்துதல், இருதரப்பும் ஒருவர் பேச்சால் மற்றவர் மாறத் தயாராக இருக்கும் உரையாடல் என்பவை அவை. இந்தியப் பாடப்புத்தகங்கள் இன்றும் இந்த நான்கைத்தான் ஒப்பிக்கின்றன. ஆனால் இவை அமெரிக்க நிறுவனங்களைப் பார்த்து எழுதப்பட்டவை. 1990-களின் தொடக்கத்தில் கிருஷ்ணமூர்த்தி ஸ்ரீராமேஷ் தென்னிந்திய நிறுவனங்களுக்குள் சென்று, அங்கே மக்கள் தொடர்பு அலுவலர்கள் அன்றாடம் என்ன செய்கிறார்கள் என்று கூர்ந்து பார்த்தார். நான்கு மாதிரிகளிலும் அடங்காத ஒன்றை அவர் கண்டார். செய்தியாளரோடும் அதிகாரியோடும் தனிப்பட்ட பழக்கத்தை வளர்த்து, அந்தப் பழக்கத்தின் பலத்தில் காரியம் முடிப்பது. ‘தனிமனிதச் செல்வாக்கு மாதிரி’ என்ற பெயரில் அது உலகத் துறை இலக்கியத்தில் இடம்பிடித்தது. மேற்கே எழுதப்பட்ட ஒரு கோட்பாட்டைத் திருத்தும் வலிமை நம் ஊர் அலுவலக வரவேற்பறைகளில் இருந்திருக்கிறது. யாரோ ஒருவர் உட்கார்ந்து பார்த்து எழுத வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

மதுரையில் அப்படி எழுதப்படக் காத்திருப்பவை ஏராளம். 1958-இல் எம்.ஜி.ஆரின் ‘நாடோடி மன்னன்’ வெளியானபோது பிலிம் நியூஸ் ஆனந்தன் அதன் மக்கள் தொடர்பாளராக இருந்தார்; தமிழ்த் திரையுலகின் முதல் பி.ஆர்.ஓ. என்று அவரைச் சொல்வது வழக்கம். அந்தப் படத்தின் வெற்றி விழா மதுரையில் நடந்தது. இந்திய மக்கள் தொடர்புச் சங்கம் அமைந்ததும் அதே 1958-இல்தான். ரசிகர் மன்றம், கட்சிக் கிளை, சுவரொட்டி, திரையரங்க வாசல் என்று மதுரையின் தெருக்கள் வளர்த்தெடுத்த மக்கள் தொடர்பு முறை, தொழில்முறைச் சங்கங்கள் பேசிய மக்கள் தொடர்பிலிருந்து வேறாக வளர்ந்தது. ஆனந்தன் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த படங்களும் தகவல்களும் பின்னர் அரசிடம் போய்ச் சேர்ந்தன. சேகரித்தவர் முனைவர் அல்லர்; ஆனால் முனைவர் பட்டம் கேட்கும் உழைப்பு அதில் இருந்தது.

இதைவிடவும் எனக்கு முக்கியமாகப் படுவது கண் மருத்துவம். 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அறுவைச் சிகிச்சையின் வேகமும் செலவுக் குறைவும்தான் அதன் புகழுக்குக் காரணம் என்று மேலாண்மைக் கல்லூரிகள் பாடம் நடத்துகின்றன. 1993-இல் ஹார்வர்டு வணிகப் பள்ளி வெளியிட்ட ஆய்வுப் பாடமும் பெரும்பாலும் அந்தக் கோணத்தில்தான் படிக்கப்படுகிறது. ஆனால் அந்த அறுவை அரங்குக்கு ஆள் வரவேண்டுமே! பார்வை மங்கிய பாட்டி பேரையூர்ப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறார். ‘வயசானா கண்ணு தெரியாதுதான்’ என்று அவரும் நம்புகிறார், வீடும் நம்புகிறது. அவரைக் கிளப்பிக் கூட்டிவருவது முழுக்க முழுக்க மக்கள் தொடர்பு வேலை. அரிமா சங்கம், ரோட்டரி, ஊர்ப் பெரியவர், ஆலை முதலாளி என்று யாரோ ஒருவர் முகாமை ஏற்று நடத்துவார். துண்டறிக்கை அடிப்பது, ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவிப்பது, பந்தல் போடுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு.

அந்த வேலை உண்மையில் பலித்ததா என்று அளந்து பார்த்தார்கள் என்பதுதான் மதுரையின் பெருமை. 1991-இல் வெளியான ஓர் ஆய்வில் அரவிந்தின் ஆய்வாளர்களும் பங்கேற்றார்கள். தென்னிந்தியாவின் 90 கிராமங்களில் எட்டு வகையான அறிவிப்பு, உதவி முறைகளை வெவ்வேறு ஊர்களுக்குக் கொடுத்து ஒப்பிட்டார்கள். சிகிச்சையின் முழுச் செலவையும் ஏற்றுக்கொண்ட ஊர்களில் அதிகம் பேர் ஒப்புக்கொண்டார்கள். பிரசார முறைகளில், கண்புரை அறுவை செய்துகொண்ட ஒருவரே வீடு வீடாகப் போய்ப் பேசியது தனித்து நின்றது. மக்கள் தொடர்பு பற்றி இதைவிடக் கறாரான கண்டுபிடிப்பை நான் அதிகம் படித்ததில்லை. எவ்வளவு அறிவிக்கிறோம் என்பதைக் காட்டிலும், பேசுகிறவர் அந்தத் துன்பத்தைத் தாண்டி வந்தவரா என்பதற்கும், கையில் காசில்லாதவர் நம்மை நம்பிக் கிளம்ப முடியுமா என்பதற்கும் எடை அதிகம்.

1999-இல் வந்த இன்னோர் ஆய்வு இன்னும் கசப்பானது. முகாம் நடந்த கிராமங்களுக்கே சென்று, கண்ணில் குறை உள்ளவர்களில் எத்தனை பேர் முகாமுக்கு வந்தார்கள் என்று கணக்கெடுத்தார்கள். நூற்றுக்கு ஏழு பேர்தான். பந்தலில் நின்று பார்த்தால் வரிசை முடிவில்லாமல் நீளும்; வெற்றி என்று தோன்றும். வராத 93 பேர் அந்தப் பந்தலிலிருந்து கண்ணுக்குத் தெரியமாட்டார்கள். இந்த எண்ணைச் சுவரில் தொங்கவிட்டுப் பெருமைப்பட முடியாது. அரவிந்த் அதை மறைக்கவும் இல்லை. அதன் தலைவர்களின் உரைகளில் இந்த எண் திரும்பத் திரும்ப வருகிறது. நிரந்தரமாக ஊருக்குள்ளேயே இருக்கும் பார்வை மையங்களை 2000-களின் நடுவிலிருந்து அவர்கள் திறந்ததற்குப் பின்னால் இந்த எண் இருக்கிறது. அந்த மையங்களில் பயிற்சி பெற்ற பெண் ஒருவர் நோயாளியின் அருகில் இருப்பார். மருத்துவர் காணொளியில் தொலைவிலிருந்து பார்ப்பார்.

ஒரு நிறுவனம் தன்னைப் பற்றிய கசப்பான உண்மையைத் தானே தேடிப் போவது மக்கள் தொடர்பின் உச்சம். பத்திரிகைச் செய்தியில் வெற்றியை எழுதிப் பழகிய கைக்கு அது எளிதில் வராது, பயிற்சி வேண்டும். முனைவர் ஆய்வு அந்தப் பயிற்சியைத் தருகிறது என்பதால்தான் பி.ஆர்.ஓ.க்கள் அதைச் செய்ய வேண்டும் என்று விரும்புகிறேன். பதவி உயர்வும் பெயர்ப்பலகையும் அதற்குப் பிறகு வரட்டும்.

அண்மைக் காலத்தில் மதுரைச் சமவெளி இன்னொரு பெரிய களத்தைத் திறந்து வைத்தது. மேலூர் வட்டத்து அரிட்டாபட்டியும் அதை ஒட்டிய மீனாட்சிபுரமும் 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டன. சரியாக இரண்டு ஆண்டு கழித்து, 2024 நவம்பரில், அந்த ஊரையும் உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதிக்கான ஏலத்தில் வென்ற நிறுவனத்தை ஒன்றிய அரசு அறிவித்தது. பரப்பு 2,000 ஹெக்டேருக்குச் சற்று மேல். ஊர்கள் செய்தி பார்த்துத்தான் தெரிந்துகொண்டன. கிராம சபைகளில் தீர்மானங்கள் நிறைவேறின. டிசம்பர் 9-இல் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7-இல் மேலூர்ப் பகுதி மக்கள் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை பெருந்திரளாக நடந்தார்கள். ஜனவரி 23-இல் ஒன்றியச் சுரங்க அமைச்சகம் ஏலத்தை ரத்து செய்தது.

அரசியல் கட்சிகள் இதைத் தத்தம் வெற்றியாகச் சொல்லிக்கொள்வது அவர்கள் உரிமை. மக்கள் தொடர்பு ஆய்வாளருக்கு வேறு கேள்விகள் இருக்கின்றன. ஏலத்துக்கு முன் யார் யாரிடம் என்ன சொல்லியிருக்க வேண்டும், எந்த இடத்தில் அந்தச் சங்கிலி அறுந்தது? மாவட்ட நிர்வாகத்தின் செய்தி மக்கள் தொடர்பு அலுவலகம் அந்த நாட்களில் வெளியிட்ட அறிக்கைகளும் ஊர்களில் புழங்கிய வாட்ஸ்அப் குரல்பதிவுகளும் ஒன்றோடொன்று பேசினவா, தனித்தனியே ஓடினவா? வழக்கமான பி.ஆர்.ஓ. யாரும் இல்லாத ஊர்க் கூட்டமைப்பு, ஒரு பெரிய பேரணிக்கு இவ்வளவு ஒழுங்காக ஆள் திரட்டியது எப்படி? மேற்கத்தியப் பாடப்புத்தகங்கள் எப்போதும் நிறுவனத்தின் நாற்காலியில் உட்கார்ந்துதான் மக்களைப் பார்க்கின்றன. இங்கே மக்களே தங்களுக்கான மக்கள் தொடர்பைச் செய்தார்கள். இதற்கு இன்னும் நல்ல கோட்பாடு இல்லை. அது மேலூரிலிருந்து எழுதப்பட வேண்டும்.

சல்லிக்கட்டைச் சொல்லாமல் விட முடியாது. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்றிலும் காளைக்கும் வீரருக்கும் இப்போது இணையத்தில் பதிவு. பதிவு செய்யத் தெரியாத மாட்டுக்காரர் என்ன ஆகிறார் என்பது ஒரு முழு ஆய்வேட்டுக்கான கேள்வி. கீழடியும் அப்படித்தான்: 2015-இல் தொடங்கிய அகழாய்வு, 2019-இல் மாநிலத் தொல்லியல் துறையின் அறிக்கை, 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் என்று தொல்லியல் செய்தி பொதுமக்களிடம் எப்படி உணர்வாக மாறியது என்பதை இன்னும் யாராவது நிதானமாக எழுதலாம்.

இனி, ஏன் வருவதில்லை என்ற கேள்வி. நேரமின்மையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அது உண்மைதான், முதன்மையான காரணம் அது என்று நான் நினைக்கவில்லை. பகுதிநேர ஆய்வாளர் தன் முதலாளியிடமிருந்து தடையின்மைச் சான்று வாங்கிவர வேண்டும் என்று ஒழுங்குமுறை சொல்கிறது. இவர் பகுதிநேரமாகப் படிக்கலாம், அலுவல் இவருக்கு ஆய்வுக்கு நேரம் தரும், பாடநெறிக்குத் தேவைப்பட்டால் பணியிலிருந்து விடுவிப்போம் என்று நிறுவனம் எழுதித் தர வேண்டும். கணித ஆசிரியருக்கு இதில் சங்கடமில்லை; அவர் ஆய்வு செய்வது எண்களை. மக்கள் தொடர்பு அலுவலருக்குக் களமே தன் அலுவலகம். நோயாளிகளின் புகார்கள் எங்கே தேங்குகின்றன என்று ஆய்வு செய்ய விரும்பும் மருத்துவமனை பி.ஆர்.ஓ., அந்த ஆய்வுக்கு அனுமதி கேட்டு அதே மருத்துவமனையின் நிர்வாகியிடம் நிற்க வேண்டும். ‘நம்மளப் பத்தி எழுதப்போறீங்களா?’ என்று ஒரு கேள்வி வந்தாலே தலைப்பு மாறிவிடும். கடைசியில் ‘சமூக ஊடகங்களின் பங்கு’ என்று யாரையும் தொந்தரவு செய்யாத ஒரு தலைப்பில், ஐந்து புள்ளி அளவுகோல் வினாத்தாளை நண்பர்களுக்குக் கூகுள் படிவத்தில் அனுப்பி, விழுக்காடு போட்டு ஆய்வேடு முடிகிறது. நூலக அலமாரியில் இப்படிப்பட்டவற்றைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருவதில்லை, வருத்தம்தான் வருகிறது. எழுதியவருக்கு இதைவிட நூறு மடங்கு தெரியும். தெரிந்ததை எழுத வழியில்லை.

இணையத்தில் விற்கப்படும் பட்டத்தின் கவர்ச்சிக்கும் இதில் பங்கு உண்டு. அங்கே சான்று கேட்கமாட்டார்கள். முதலாளிக்குத் தெரியாமலேயே முடித்துவிடலாம். பல்கலைக்கழக வாசல்களுக்கு அருகே முளைத்திருக்கும் புராஜெக்ட் சென்டர்களும் இதே பலவீனத்தில்தான் பிழைக்கின்றன. நேரமில்லை, கேட்க ஆளில்லை, பயமாக இருக்கிறது. கொடுங்கள், நாங்கள் எழுதித் தருகிறோம். ஒப்புமைச் சோதனையில் 10 விழுக்காட்டுக்குள் அடக்கித் தரவும் அவர்களுக்குத் தெரியும். இப்போது செயற்கை நுண்ணறிவு வந்தபின் அந்த வேலை இன்னும் மலிவாகிவிட்டது.

ஆகவே தொலைநிலை முனைவர் பட்டத்துக்குத் தடை சரிதான் என்பது என் முடிவு. பாடம் நடத்துவதைத் தொலைவிலிருந்து செய்யலாம். ஒருவருடைய ஆய்வேட்டின் ஒவ்வோர் அத்தியாயத்தையும் எதிரில் வைத்துக்கொண்டு, ‘இதை எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?’ என்று கேட்கும் நெறியாளர் ஒருவர் இல்லாமல் ஆய்வாளர் உருவாவதில்லை. அதனால்தான் பேராசிரியர் ஒருவர் எட்டுப் பேரையும், இணைப் பேராசிரியர் ஆறு பேரையும், உதவிப் பேராசிரியர் நான்கு பேரையும் தாண்டி ஏற்கக் கூடாது என்று ஒழுங்குமுறை வரம்பு வைத்திருக்கிறது. இளங்கலையைப் போல ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே நேரத்தில் பாடத் தாள் அனுப்ப முடிகிற படிப்பு இது இல்லை. ஆனால் நெறியாளரோடு இருக்கும் அந்த உறவுக்கு வாரந்தோறும் பல்கலைக்கழகம் இருக்கும் பல்கலை நகர் வரை பஸ் ஏறுவது தேவையா? தேவையில்லை என்று 2020 நமக்குக் காட்டிவிட்டது. ஊரடங்கு நாட்களில் வாய்மொழித் தேர்வுகளையே காணொளியில் நடத்த மானியக் குழு வழிவிட்டது. ஆய்வு ஆலோசனைக் குழுவின் பருவக் கூட்டம் ஒன்றைச் சனிக்கிழமை மாலையில் காணொளியில் வைத்தால் எந்தத் தரமும் தாழ்ந்துவிடாது; நத்தத்திலிருந்து வரும் பெண்ணுக்கு ஒரு நாள் சம்பளமும் மாமியாரிடம் கேட்க வேண்டிய அனுமதியும் மிச்சமாகும்.

படிப்பதற்கான பொருளைப் பொறுத்தவரை காலம் அடியோடு மாறிவிட்டது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளை ஷோத்கங்கா தளத்தில் யாரும் கட்டணமில்லாமல் படிக்கலாம். எது ஏற்கெனவே செய்யப்பட்டது, எது வெறும் மறுபதிப்பு என்று தலைப்பு தேர்வதற்கு முன்பே ஒருவர் பார்த்துவிடலாம். ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியது. அரசுப் பல்கலைக்கழகங்களில் பதிவு செய்தவர்களுக்கு 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 மின்னிதழ்கள் அதன் வழியே கிடைக்கின்றன. மக்கள் தொடர்பு ஆய்வின் முன்னணி இதழான ‘பப்ளிக் ரிலேஷன்ஸ் ரிவ்யூ’வை வெளியிடும் எல்சேவியரும் அவற்றுள் ஒன்று. இருபது ஆண்டுக்கு முன் இதில் ஒரு கட்டுரையைப் படிக்கச் சென்னைக்கோ டெல்லிக்கோ போக வேண்டியிருந்தது. 2017 முதல் இயங்கும் ஸ்வயம் தளத்தில் ஆய்வு முறையியல் பாடங்கள் இருக்கின்றன. மதுரையில் 2023 ஜூலையில் புது நத்தம் சாலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம், வீட்டில் தனி மேசை இல்லாதவருக்கு மேசையும் அமைதியும் தருகிறது. நெகிழ்வான கற்றலுக்கான கருவிகள் எல்லாம் வந்துவிட்டன. அவற்றைப் பகுதிநேர ஆய்வாளருக்குப் பொருத்தித் தரும் மனம் துறைகளுக்கு வர வேண்டும்.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இதழியல் மற்றும் அறிவியல் தொடர்பியல் துறை இருக்கிறது. கல்விப் படங்களைத் தயாரிக்கும் பல்லூடக ஆய்வு மையமும் இருக்கிறது. ஐம்பது ஆண்டுக்கு மேல் தொலைவில் இருப்பவர்களுக்குக் கற்பித்த பழக்கம் வேறு எங்கும் எளிதில் கிடைக்காதது. இவை மூன்றையும் சேர்த்துப் பகுதிநேர மக்கள் தொடர்பு ஆய்வாளர்களுக்கென ஒரு பாதையை வகுக்கச் சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை. பாடநெறியில் ஒரு பகுதி இணையத்தில். களப்பயிற்சி மட்டும் நேரில், தொடர் விடுமுறை நாட்களில். தடையின்மைச் சான்று நேரத்தைப் பற்றி மட்டும் பேசட்டும், தலைப்பைப் பற்றி நிறுவனம் கருத்துச் சொல்லக் கூடாது என்பதைப் பல்கலைக்கழகம் தன் படிவத்திலேயே எழுதிவிடலாம். சொந்த நிறுவனத்தை ஆய்வு செய்பவருக்கு வெளியாள் ஒருவரை இணை நெறியாளராக வைத்தால், அவர் வளைந்துபோகும் இடத்தை அந்த வெளியாள் சுட்டிக்காட்டுவார். தகவல் தந்தவர்களின் பெயரை நிறுவனம் கேட்டாலும் தரக் கூடாது என்ற பாதுகாப்பை அறநெறிக் குழு தர வேண்டும். மாற்றாக, ஒருவர் தன் நிறுவனத்தை விட்டுவிட்டு, தன் தொழிலறிவை வைத்துக்கொண்டு வேறு களத்துக்குப் போகலாம். மருத்துவமனை பி.ஆர்.ஓ. சுரங்க எதிர்ப்பை ஆய்வு செய்யலாம். மாநகராட்சி அலுவலர் கண் முகாமை ஆய்வு செய்யலாம். கூட்டத்தைப் பார்த்தே எண்ணிக்கை சொல்லும் கண்ணும், அறிக்கையில் எது விடுபட்டிருக்கிறது என்று மோப்பம் பிடிக்கும் அனுபவமும் அவர்களுக்கு உண்டு. முழுநேர மாணவருக்கு அது வரப் பத்து ஆண்டாகும்.

ஆய்வேட்டை எந்த மொழியில் எழுதுவது என்பதிலும் எனக்கு ஒரு பிடிவாதம் இருக்கிறது. அரிட்டாபட்டிக் கூட்டத்தில் பேசப்பட்டதை ஆங்கிலத்தில் எழுதலாம், உலக இதழ்களுக்கு அது தேவையும்கூட. ஆனால் பேசியவர்கள் படித்துப் பார்த்து ‘இதை நான் இப்படிச் சொல்லவில்லை’ என்று திருத்தக் கூடிய ஒரு தமிழ் வடிவம் கட்டாயம் இருக்க வேண்டும். இருதரப்பு உரையாடலைப் பற்றி நூறு பக்கம் எழுதிவிட்டு, ஆய்வுக்குள்ளான மக்களுக்கு அதைக் காட்டாமல் இருப்பது நேர்மையாகாது.

இதற்கெல்லாம் அவசரமும் உண்டு. 2024 நவம்பரிலிருந்து 2025 ஜனவரி வரை மேலூர் வட்டத்து ஊர்களில் சுற்றிய குரல்பதிவுகள், கையெழுத்துத் துண்டறிக்கைகள், கிராம சபைத் தீர்மான நகல்கள், பேரணிக்குச் சோறு ஆக்கியவர்களின் கணக்கு நோட்டுகள் இன்னும் ஆட்களின் கைகளில்தான் இருக்கின்றன. கைபேசி மாறும்போதும், நினைவகம் நிறைந்து ‘அழிக்கவா’ என்று கேட்கும்போதும் அவை ஒவ்வொன்றாகப் போய்விடும். ஆறு ஆண்டுக் கால ஆய்வுக்குப் பதிவு செய்து, அனுமதி வாங்கி, பாடநெறி முடித்துவிட்டு ஒருவர் களத்துக்கு வரும்போது எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று சொல்ல முடியாது. அங்கேயே வசிக்கும், வேலை பார்க்கும், அந்த மக்களின் உறவுமுறை தெரிந்த ஒருவர், பதிவு கிடைக்கும் வரை காத்திராமல் இந்த வாரமே அவற்றைச் சேகரிக்கத் தொடங்கலாம். ஒவ்வொன்றுக்கும் தேதியும், யாரிடமிருந்து பெற்றது என்ற குறிப்பும், கொடுத்தவரின் சம்மதமும் எழுதி வைத்தால் போதும். ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்துக்கான சான்றுகள் சேர்ந்துவிடும்.